ருசி பார்க்காமல் சமைத்த விருந்து

ஜேர்மனியில் உணவகக் குசினிகளில் வருடக்கணக்காக மாரடித்துவிட்டு லண்டனுக்கு வந்தபோது, இனி எந்தக் குசினிக்கும் வேலைக்குப் போவதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். என் சபதங்களின் ஆயுள் என் கணவருக்குத் தெரியும். ஈஸ்ட் ஹாமில் வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு, மேற்கு லண்டனில் ஒரு உக்ரேனிய உணவகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று அவரே செய்தி கொண்டுவந்தார்.

"அது எங்க இருக்கிற நாடு?" என்று கேட்டேன்.

"ரஷ்யாவுக்குப் பக்கத்தில. அதை மட்டும் அங்க போய்ச் சொல்லிப்போடாதையும்."

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் நகரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தூங்கித் தூங்கிப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி என்னைவிடச் சில வயது மூத்த பெண். உயரம், உரத்த குரல், என்னைப் போலவே மூக்குநுனியில் கோபம். இரண்டு கோபக்காரிகள் ஒரு குசினியில் நின்றால் ஒரு கிழமைக்குள் சட்டி பறக்கும் என்று கணவர் கணக்குப் போட்டிருந்தார். பறக்கவில்லை. "உங்கட ஆக்கள் மூத்த பொம்பிளையை எப்பிடிக் கூப்பிடுறவை?" என்று முதலாளி கேட்டார். அக்கா என்றேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் அக்காதான். சாப்பாடு பரிமாறும் போலந்துப் பெட்டைகூட அப்படித்தான் கூப்பிட்டாள். நாங்கள் பேசிக்கொண்டது ஓட்டை ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் அக்கா எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார், அப்படியே எழுதுகிறேன்.

முதல்நாள் ஒரு வட்ட மாவைக் கையில் தந்து, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து மூடச் சொன்னார். வரெனிக்கி என்று பெயர். பாதி நிலவாக மடித்ததும் என் விரல்கள் தன்பாட்டில் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டு போயின. எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் அவிக்கிற பல்லுக்கொழுக்கட்டை இதேதான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு ஆர் காட்டித் தந்தது?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாமே இப்படிச் சுலபமாக இருக்கவில்லை. பன்றிக் கொழுப்பை உப்பிலிட்டு, மெல்லிசாக வெட்டி, கறுத்த பாண் ரொட்டியின்மேல் வைத்து, தேனும் மிளகாயும் ஊறிய சாராயத்தோடு கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"மற்ற நாளில?"

"மற்ற நாளில மூக்கைப் பொத்திக்கொண்டு தொடுவன்."

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் எனக்கு மாவைத் தவிர வேறு வேலை தரவில்லை. நான் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு நான் அந்த மனுசிக்கு என்றும் கடமைப்பட்டவள்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்பைக் குடித்தார்கள், நல்ல ரஷ்யச் சாப்பாடு என்று வாழ்த்தினார்கள். அக்கா மேசைமேசையாகப் போய்த் திருத்துவார். அது அவருக்கு ஒரு விளையாட்டு மாதிரி. உண்மையான நோவு வேறு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இங்கே வந்து, தேவாலயமும் சங்கமும் கட்டி வாழ்ந்த பழைய உக்ரேனியர்கள் அந்தத் தெருக்களில்தான் இருந்தார்கள். அவர்கள் உக்ரேனின் மேற்குப் பக்கத்தார். அக்கா கிழக்கு, தாயோடு தொலைபேசியில் ரஷ்ய மொழியில் பேசுகிறவர். 'எங்கட சாப்பாட்டை விக்கிறாள், ஆனா எங்கட ஆள் இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். தேவாலயக் குசினியை ஆண்ட ஒரு கிழவி இருந்தார். அவர் வாசல்படி மிதிக்காத கடையை மற்றவர்களும் மிதிக்கமாட்டார்கள்.

"அவை வராத கடை எனக்கு என்னத்துக்கு?" என்று ஒருநாள் அக்கா வெங்காயம் வெட்டியபடி சொன்னார். "இந்த நத்தாருக்கும் வராட்டி, பங்குனியில கடையை மூடித் திறப்பைக் குடுத்திட்டுப் போறன்."

அவர்களுடைய நத்தார், அதாவது கிறிஸ்மஸ் விருந்து, பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஆறாம் திகதி பின்னேரம். பன்னிரண்டு வகைச் சாப்பாடு. இறைச்சி இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. அக்கா நேரே தேவாலயத்துக்குப் போய்க் கிழவியையும் அவருடைய ஆட்களையும் அழைத்துவிட்டு வந்தார். கிழவி வருகிறேன் என்று சொன்னாராம். சிரிக்கவில்லையாம்.

அக்காவுக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் சிறுமியாக இருந்த சோவியத் காலத்தில் இதெல்லாம் வெளியே தெரியக்கூடாத காரியம். தாய் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கோதுமையை அவித்துத் தேனும் கசகசாவும் போட்டுக் கொடுப்பாராம். மற்றப் பதினொன்றும் கேட்டறிந்ததுதான். "மச்சம் இல்லாத சமையல் உனக்குத்தான் சரி. நீயே பொறுப்பெடு" என்றார். பிறகு மேசை வழக்கத்தைச் சொன்னார். ஒரு இடம் வெறுமையாக இருக்கும். அங்கே கோப்பையும் கரண்டியும் வைத்து எல்லாவற்றிலும் படைக்க வேண்டும். "செத்த ஆக்கள் வருவினம். முதல் பங்கு அவைக்கு."

அதற்குமேல் எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. இது படையல். விடிய முழுகிவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து அடுப்பை மூட்டினேன். முட்டைக்கோவாச் சுருள், அவரை, காளான், உலர்ந்த பழங்கள் ஊறிய பானம் என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரு பருக்கை என் நாக்கில் படவில்லை. மற்ற நாட்களில் அது பெரிய குற்றம். எல்லோருடைய ஏப்ரனிலும் ஒரு கரண்டி இருக்க வேண்டும், ருசி பார்க்காமல் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்பது அக்காவின் சட்டம். ஆனால் அன்று அவர் மேசைவிரிப்புக்குக் கீழே வைக்கோல் பரப்புவதும், மூலைக்கு மூலை உள்ளிப்பூண்டு வைப்பதுமாக வெளியே நின்றார்.

பீட்ரூட் சூப்புக்குக் காளான் தண்ணீரை அக்கா முதல்நாளே அவித்து வைத்திருந்தார். எங்கள் வீடுகளில் அடுப்பில் ஏற்றியவர்தான் உப்பும் போடுவார். ஆகவே அவர் போட்டிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன். முடிக்கிறவள் போடுவாள் என்று அவர் இருந்துவிட்டார்.

முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பிடலாம். லண்டனில், ஜனவரியில். எல்லோரும் யன்னலடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒரு தாத்தா கண்டுபிடித்த வெளிச்சம் ஹீத்ரோவில் இறங்கப் போகும் விமானம். "நட்சத்திரம் எண்டு வைப்பம், எனக்குப் பசிக்குது" என்று கிழவி போய் உட்கார்ந்துவிட்டார்.

கோதுமைப் பொங்கல் நல்லபடி போனது. அடுத்தது சூப். கிழவி ஒரு வாய் குடித்தார், கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவர் வைத்தார். பிறகு எல்லாக் கரண்டிகளும். குசினி வாசலில் நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா உள்ளே ஓடிவந்து பானையில் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். முகம் செத்துப்போனது.

"உப்பே இல்லை. நீ ருசி பாக்கேல்லையே?"

"இல்லை."

"ஏன்?"

அதைச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. உப்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மேசைக்குப் போனேன். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தார். பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது ஜேர்மன். அவர் புருவத்தை உயர்த்திவிட்டு ஜேர்மனிலேயே, "சொல்லு" என்றார். குமர்ப்பிள்ளையாக இருக்கும்போது யுத்தத்தில் அவரை ஜேர்மனிக்குப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு பண்ணையில் வேலை வாங்கியிருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சொன்னேன். "இது செத்த ஆக்களுக்குப் படைக்கிற சாப்பாடு. அவை சாப்பிட முதல் எங்கட நாக்குப் படக்கூடாது. அதுதான் நான் ருசி பாக்கேல்லை. அக்காவில பிழை இல்லை. அவவுக்கு இது தெரியாது."

அக்காவுக்கு ஜேர்மன் தெரியாது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருடைய வாய்களையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றார். அவருடைய கடை அந்த இரண்டு வாய்களில்தான் இருந்தது.

கிழவி கேட்டார்: "உனக்குச் செத்தது ஆர்?"

"தம்பி."

"எங்க புதைச்சது?"

"தெரியாது."

"என்ரை அண்ணனையும் தெரியாது" என்றார்.

என் கையிலிருந்த உப்பை வாங்கிக்கொண்டு எழும்பினார். வெறும் நாற்காலிக்கு முன்னால் இருந்த கோப்பையில் முதலில் ஒரு கிள்ளுப் போட்டார். பிறகு தன்னுடையதில் போட்டு, பக்கத்து ஆளிடம் கிண்ணத்தைக் கொடுத்தார். தங்கள் மொழியில் மேசைக்கு ஏதோ சொன்னார். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கரண்டிகள் திரும்ப எழும்பின. கொஞ்ச நேரத்தில் இரண்டாம் கோப்பை கேட்டார்கள்.

நான் குசினிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். செத்த திதி தெரியாது என்று, ஊர்ச் சண்டையில் போன தம்பிக்கு அதுவரை யாரும் ஒரு பிடி சோறு படைத்ததில்லை. உக்ரேனியர்களின் மேசையில் அவனுக்கு ஒரு இடம் கிடைத்தது. அந்த நன்றியை இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எல்லோரும் புறப்படும்போது கிழவி கோட்டோடு குசினிக்குள் வந்தார். மாமியார் மாதிரித் தட்டுகளை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். அக்காவிடம் இரண்டு வசனம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா எச்சில் கோப்பைகளை அடுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"வாற வருசம் விருந்தாளியா வரமாட்டாவாம்."

கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"காலமையே வந்து மாக் குழைப்பாவாம். 'உப்பை நான் பாக்கிறன், மகள்' எண்டவ."

கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு, அக்கா இன்னொரு தரம் சொன்னார். "மகள் எண்டவ."