காலி வண்டியின் வெளிச்சம்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "சட்டம் வீடு எது?" என்று கேட்டால் பால் போடுகிறவர்கூட விரலை நீட்டிக் காட்டிவிடுவார். தொழில் பேட்டரி வியாபாரம். காலையில் தன் பழைய காரின் டிக்கியில் புதுப் பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டார ஒர்க்‌ஷாப்களுக்குப் போய்ப் போட்டுவிட்டு, பொழுது சாயும்போது செத்த பேட்டரிகளை அதே டிக்கியில் அடுக்கிக்கொண்டு திரும்புவார். மீதி நேரமெல்லாம் ஊரைத் திருத்துவார். இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய ஒருவனை அடுத்த சிக்னல் வரை துரத்திப் போய்க் கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பாடம் நடத்திய ஆள். அவர் சொல்வதில் பெரும்பாலும் தப்பு இருக்காது. கூட வாழ்கிறவர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை.

கூடப் பிறந்த தம்பி அடுத்த வாசலில் இருந்தான். அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டவர்கள். தம்பி துணி தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாயே திறக்கத் தெரியாதவன், ஆனால் கத்தரியை எடுத்தால் அவன் கைதான் பேசும். ஒரு மழைக்காலத்தில் அவன் தன் சமையலறை ஜன்னலுக்கு மேல் ஒரு தகரத்தைச் சாய்த்துப் போட்டான். அது அண்ணன் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் சொல்லிப் பார்க்கவில்லை, கேட்டுப் பார்க்கவில்லை. நேரே நகராட்சிக்கு எழுதிப் போட்டார். ஆட்கள் வந்து தகரத்தைப் பிடுங்கிப் போனார்கள். சட்டப்படி சரிதான். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். தம்பி முகம் கொடுக்காதது அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் தப்பு செய்தவன்தான் முதலில் வந்து பேச வேண்டும் என்று வைத்திருந்தார்; யார் தப்பு செய்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

பேச்சு போன பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. கால்வாய்க்கரை ரோட்டில் தினமும் இருட்டத் தொடங்கும் நேரத்தில் இவர் கார் இந்தப் பக்கம் வரும், தம்பியின் ஸ்கூட்டர் வேலை முடிந்து அந்தப் பக்கமிருந்து வரும். குறுகலான ரோடு, ஒரு பக்கம் வாய்க்கால். இருவரும் விளக்கை இறக்கி, ஒருவருக்கொருவர் வழி விட்டுக் கடப்பார்கள். அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான் இருந்தது.

அந்த வருடம் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, முன்விளக்கு வெளிச்சம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வேலையில் இறங்கினார். கடைக்காரர் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பை எடுத்துக் காட்ட, பழைய விளக்குக்கு இதைப் போட்டால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், எதிரில் வருகிறவன் குருடாவான், அனுமதியும் கிடையாது என்று கடை வாசலிலேயே அவருக்கு ஒரு வகுப்பு எடுத்தார். அனுமதித்த வாட்ஸில் அதே பல்பு. வெள்ளிப்பூச்சு உரிந்துபோன உட்கிண்ணங்களுக்குப் பதில் புதுசு. மெலிந்த பழைய வயர்களைத் தூக்கியெறிந்துவிட்டு, பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, நடுவில் ரிலே வைத்து, விளக்குக்கு முழு மின்சாரமும் போகிறபடி செய்தார். காரை ஷெட்டில் நிறுத்தி, எதிர்க் கிடங்குச் சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கீழே நிற்கும்வரை திருகுகளைத் திருகினார். சோதனை நிலையத்தில் கருவி வைத்துப் பார்த்தவர், புது வண்டிக்கே இப்படி இருக்காது என்றார். கேட்கவா வேண்டும்? ஒரு வாரம் தெருவில் வேறு பேச்சே இல்லை.

அப்புறம்தான் புகார் வந்தது. தம்பி மனைவி துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்கு வந்து, ஓரகத்தியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மாமாகிட்ட லைட்டக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கக்கா. அந்தக் கால்வாய்க்கரையில இவருக்குக் கண்ணே தெரிய மாட்டேங்குதாம். தினமும் உயிரக் கையில பிடிச்சிட்டு வர்றாரு."

மனைவி அதை வந்து சொன்னதும் சட்டத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விளக்கை இறக்கி லோ பீமில்தான் வருகிறேன், அளந்து பார்த்து அரசாங்கமே முத்திரை குத்தியிருக்கிறது, இவன் யார் சொல்ல? தகரம் போன வயிற்றெரிச்சல், வேறென்ன? கண்ணில் கோளாறு இருந்தால் கண் டாக்டரிடம் போகச் சொல் என்று சுவரைத் தாண்டிக் கேட்கிறபடியே கத்தினார். அதோடு விட்டாரா? சான்றிதழை நகல் எடுத்து, தம்பி ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்கு நேரே நடுச்சுவரில் ஒட்டிவைத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி அதைப் படித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

மழை விட்டிருந்த ஒரு மாலை. கால்வாய்க்கரையில் ஸ்கூட்டரின் ஒற்றை விளக்கு எதிரே வந்தது. வழக்கம்போல அவர் லோ பீமில் இருந்தார். நெருங்கியதும் அந்த விளக்கு ஒரு பக்கமாக ஆடியது. தாண்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தார்; பின்னால் வெளிச்சமே இல்லை. வேண்டுமென்றே வண்டியை ஆட்டிக் காட்டுகிறான், நாடகம் போடுகிறான் என்று வாய்விட்டே திட்டியபடி, நிறுத்தாமல் போய்விட்டார்.

தம்பியை வாய்க்காலிலிருந்து தூக்கியவர்கள் பின்னால் வந்த மண் லாரிக்காரர்கள். வலது கை வண்டிக்கும் கரைக்கல்லுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் விரல்கள் பழையபடி மடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். கட்டிங் மாஸ்டருக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? எதிரே வந்த காரின் வெளிச்சத்தில் ரோடே மறைந்துபோனது என்று ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தான். அது யார் கார் என்று கேட்டதற்கு, அண்ணன் கார் என்றானாம்.

வழக்கமாக அவர் பழைய பேட்டரிகளைக் கால்வாய்க்கரை தாண்டியிருக்கும் தன் கடையில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மறுநாள் மாலை, வீட்டில் போலீஸ்காரர் காத்திருக்கிறார் என்று போன் வந்ததால் பாரத்தோடு நேரே வந்துவிட்டார். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். காலையில் வண்டியைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள், விளக்கு சரியாக இருந்தால் உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று சட்டம் காரைப் பின்பக்கமாக ஷெட்டில் ஏற்றி நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினார்.

கிடங்குச் சுவரில் வெளிச்சம் சாக்பீஸ் கோட்டை விட்டு ஒரு முழம் மேலே நின்றது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. திருகு தளர்ந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தார், இல்லை. பிறகு மெல்லத் திரும்பி டிக்கியைப் பார்த்தார். பின்பக்கம் செத்த பேட்டரிகளின் கனத்தில் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி அமுங்கியிருந்தது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் இப்படித்தான் தூக்கியிருக்கும். விளக்கு மங்கலாக இருந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேட்டரி சுமந்த மனிதருக்கு, சுமையோடு ஒருமுறை விளக்கைச் சுவரில் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. விதியில் அப்படி எழுதியிருக்கவில்லை.

டிக்கியைத் திறந்து பேட்டரிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் சுவரிலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. கடைசிப் பேட்டரியைத் தரையில் வைத்தபோது வெளிச்சம் கோட்டுக்குக் கீழே, ஒழுங்காக, சமர்த்தாக உட்கார்ந்தது. நிமிர்ந்தால் வாசலில் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முழுவதையும் பார்த்திருந்தாள்.

"இதையெல்லாம் திரும்ப ஏத்திக்கிட்டுப் போங்க. அவங்க பாக்கட்டும்."

"டெஸ்டுக்குக் காலி வண்டியாத்தான் கொண்டு போகணும். அதுதான் ரூல்."

"அந்தக் கையப் போய்ப் பாத்தீங்களா நீங்க?"

அவர் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார். ராத்திரி முழுக்க அவர் புரண்டு படுத்ததை அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள். விடிந்ததும் சொல்லிவிடுவார் என்றுகூட நம்பினாள். விடிந்ததும் அவர் குளித்து, சட்டை மாற்றி, காலி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கருவி வைத்துப் பார்த்தார்கள். இம்மி பிசகவில்லை. வண்டியில் எப்போதாவது பாரம் ஏற்றுவீர்களா என்று அங்கே யாராவது கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. யாரும் கேட்கவில்லை. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். அன்று முதல் பேட்டரிகளை ஒரு சின்ன வாடகை வேனில் ஏற்றி அனுப்பினார். இடுப்பு வலி என்று காரணம் சொன்னார்.

தம்பி வீடு திரும்பிக் கட்டுப் பிரித்தான். கம்பெனியில் கட்டிங் மேஜையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்; இவனுக்குச் சட்டை மடித்து வைக்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள், பாதிச் சம்பளத்தில். போலீஸ்காரர் அவனிடம் வந்து சோதனை முடிவைச் சொல்லிவிட்டுப் போன அன்று, சாயங்காலம், அவன் சுவரைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வாசலுக்கு வந்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைக்கிறான். மனைவி காபியோடு வந்தவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

தம்பி உட்காரவில்லை. மடங்காத விரல்களை இன்னொரு கையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கண்ணு டாக்டர்கிட்டப் போனேண்ணே. ஒண்ணுமில்லங்கிறாரு. ஆனா எங்கிட்டதான் ஏதோ கோளாறு. அவசரப்பட்டு போலீஸ்ல உன் பேரச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதண்ணே."

மனைவி கணவனின் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. எழுந்து, தம்பியின் தோளில் கை வைத்தார்.

"விடுறா. மனுசன்னா தப்பு வர்றதுதான்," என்று தம்பியை மன்னித்தார்.