எனக்குத் தெரியாத பதில்கள்

எண்பத்து நாலா, எண்பத்து ஐந்தா என்று சரியாக நினைவில்லை. எங்கள் இரண்டாவது மகளுக்கு அப்போது நாலு வயது. மலேசியாவில், கெர்லிங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். பாதி ரப்பர், பாதி எண்ணெய்க்கான செம்பனை. நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். என் மனைவிக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை.

கல்யாணமான புதிதில் அவளுடைய வேகத்தைப் பார்த்து, வேலை வாங்கும் மண்டோரே அசந்து போவார். தன் பங்கு மர நிரையை முடித்துவிட்டு, பக்கத்து நிரையில் பின்தங்கியவளுக்கும் கைகொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

இரண்டாவது பிரசவத்தில்தான் எல்லாம் மாறியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவே இல்லை. பை பையாக ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் வீட்டுக்கு வந்தது வேறு ஆள் மாதிரி இருந்தது.

குழந்தைக்கு டின் பால்தான் கொடுத்தோம். மாதங்கள் போகப் போக அவள் முகம் மெழுகு போல வெளுத்தது. மத்தியான வெயிலில் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குரல் கரகரத்துப் போனது. ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குள் நான் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். நிரையை முடிக்க முடியவில்லை என்று மண்டோர் அவளைப் புல் வெட்டுக்கு மாற்றினார். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் சத்து மாத்திரை கொடுத்தார். கோயிலில் தாயத்துக் கட்டினோம். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் பொறுத்தேன். அப்புறம் எனக்கு வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. இவள் நடிக்கிறாள், வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் அடுப்பு பற்ற வைக்கவில்லை. பிள்ளைகள் சீனியைத் தொட்டு வெறும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பொணம்கூட உன்னவிடச் சுறுசுறுப்பா இருக்கும்" என்று கத்தினேன். அவள் அழவில்லை. அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை என்று எனக்கு அன்று புரியவில்லை.

கடைசியில், கடற்கரைப் பக்கம் ஜெராமில் இருந்த என் மைத்துனருக்குக் கடிதம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள், குணமானால் அனுப்புங்கள் என்று எழுதினேன். குணமாகாவிட்டால் என்ன என்பதை எழுதவில்லை. ஆனால் மனதில் இருந்தது.

அதற்கு முன்பே தோட்ட ஆபீசுக்கு மலாயில் ஒரு கடிதம் வந்திருந்தது. அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணிதான் படித்துச் சொன்னார். கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், பிரசவத்தில் அதிகமாக ரத்தம் போன பெண்களைத் தேடிப்பிடித்து ஆராய்ச்சி செய்கிறாராம். கோலா குபு பாரு ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டில் என் மனைவியின் பெயர் இருந்ததாம். "எம் பொண்டாட்டி என்ன எலியா, ஆராய்ச்சி பண்ண?" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை லோரியில் எங்கேயோ சொருகினேன். பதில் போடவில்லை.

பதில் வராததால், மைத்துனர் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். தமிழ்ப் பெண். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் என்று பிறகு தெரிந்தது. லோரி பழுதாகிக் கிடந்ததால் நான் வீட்டில் இருந்தேன். வாசலை மறித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க" என்றேன்.

மிஸ்ஸி சண்டை போடவில்லை. "சரிங்க அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று ஒரு தாளை எடுத்தார்.

"குழந்த பொறந்தப்ப தாய்ப்பால் வந்துச்சா?"

"டின் பால்தான் குடுத்தோம்."

"அது ஏன் அண்ணே?"

"தெரியாது."

அவளுக்கு வியர்க்கிறதா? தெரியாது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? தெரியாது. சாப்பாடு இறங்குகிறதா? தெரியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மிஸ்ஸி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக ஏதோ குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் இப்படிக் கிடந்த நாலு வருஷமும் ஒரே கூரைக்கு அடியில் இருந்துவிட்டு, ஒரு கேள்விக்குக்கூட என்னிடம் பதில் இல்லை.

அப்போது பின்னால் இருந்து கரகரத்த குரல் கேட்டது. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பால் ஒரு சொட்டுகூட வரல மிஸ்ஸி. தூரமும் அன்னிக்கோட நின்னுபோச்சு. இன்னி வரைக்கும் இல்ல."

"யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"யாரும் கேக்கல."

நான் வாசலை விட்டு விலகினேன்.

மிஸ்ஸி உள்ளே வந்து உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கினார். மூளைக்கு அடியில் பயறு மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். உடம்பில் மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் வேலை சொல்வது அதுதானாம். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனால் அது செத்துப்போகலாமாம். "தோட்டத்துல ஆளெல்லாம் இருக்காங்க, வேல சொல்ல மண்டோர் இல்லேன்னா எப்படி லா? அந்த மாதிரி" என்றார். "இவங்களுக்கு அதுதான்னு இப்பவே சொல்ல முடியாது. சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் கூடை நிறைய மீனோடு வந்து சேர்ந்தார். "தங்கச்சி எங்க கூடயே இருக்கட்டும் மாப்பிள்ள" என்று அவராகவே சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் எங்கும் போகவில்லை, நீங்கள்தான் இங்கே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் பேசினார், மிஸ்ஸி தமிழில் சொன்னார். ஊசி போட்டு உடம்பில் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்குவார்கள். நல்ல உடம்பென்றால் அந்தச் சுரப்பி உடனே விழித்துக்கொண்டு வேலை செய்யும். செய்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஆபத்து உண்டு, அதனால் டாக்டர் பக்கத்தை விட்டு நகரமாட்டார். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்காக வைத்தியம் நிற்காது.

"வேணாம் டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மிஸ்ஸி சிரித்தபடி, "உங்கள இல்ல அண்ணே, அவங்களத்தான் கேக்கறாங்க" என்றார்.

என் மனைவி மிஸ்ஸி பக்கம் திரும்பினாள். "செய்யச் சொல்லுங்க" என்றாள். "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியணும்."

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அவள் கண் சொருகியது. கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. மற்றவர்களுக்கு இந்த நேரத்தில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, சில்லென்று இருந்தது. டாக்டர் குளுகோஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ரத்தம் எடுத்த மறுநிமிஷம் அதை ஏற்றினார். அவள் கண்ணைத் திறந்து, "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரப் பல நாள் ஆகும் என்றார்கள். ஆனால் அந்தச் சுரப்பி வேலை செய்யவில்லை என்பதில் டாக்டருக்கு அதற்குள்ளேயே சந்தேகம் தீர்ந்துவிட்டது. அந்தச் சுரப்பியின் வேலையை ஈடுகட்டும் மாத்திரையை அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். முதலில் ஒரு வகை மாத்திரை, சில நாள் கழித்துத்தான் இரண்டாவது வகை. வரிசை மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் முதல் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலே இவள் இல்லாமல் போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவளைத்தான் ஜெராமுக்கு அனுப்பிவிட இருந்தேன்.

மூன்றாம் நாள் பசிக்கிறது என்றாள். அதைக் கேட்டு எத்தனை வருஷம்! வீடு திரும்பிச் சில வாரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு மழை நாளில் லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படியிலிருந்து, "சேத்துக் காலோட உள்ள வராதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று ஒரு அதட்டல். அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "வந்துட்டாடா உம் பொண்டாட்டி" என்று சிரித்தார்.

இனிமேல் பிள்ளை பிறப்பது கஷ்டம், மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் மறு வருஷம் மறுபடியும் பால்வெட்டுக்குப் போனாள்.

அப்புறம் ஒரு நாள் மிஸ்ஸி வந்து அவளிடம் உதவி கேட்டார். வேறொரு தோட்டத்தில் இதே மாதிரி ஒரு பெண் இருக்கிறாராம், வீட்டுக்காரர் விடவில்லையாம். மூன்று பேருமாகப் போனோம். அந்த மனிதரும் என்னைப் போலவே வாசலை மறித்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"அண்ணே, என்கிட்டயும் இப்படித்தான் கேட்டாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றேன். "நாம கொஞ்சம் அந்தாண்ட போய் நிப்போம். அவங்க பேசட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என் மனைவி உள்ளே போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இன்றைக்கும் வெளியே போய்விட்டு வீட்டுக்கு வந்ததும், "உடம்பு எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிறேன். நாலு வருஷமாக நான் கேட்காமல் விட்டதை முன்பின் தெரியாத ஒரு மிஸ்ஸி வந்து கேட்டதால்தான் இந்தப் பதில் எனக்கு இன்னமும் கிடைக்கிறது என்பதை நான் மறக்கவில்லை.