பூங்கோதை காய்ச்சிய ஆடாதொடை

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் பூங்கோதை வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம். பச்சை தெரிகிற வீடு அது ஒன்றுதான். சூளையில் விரிசல் விட்டுக் கழித்துப் போட்ட ஊறுகாய் ஜாடிகளைப் புருஷன் திருமால் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவான். அவள் அதில் மண் ரொப்பித் துளசி, தூதுவளை, கற்பூரவல்லி என்று வைப்பாள். வேலியோரம் ஆடாதொடை ஆளுயரம் நின்றது. கம்பெனித் தூசு படிந்து எல்லாமே வெளுத்துக் கிடக்கும். காலையில் எழுந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவி விடுவாள். இலையில் படிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. புருஷனுக்குள் படிந்ததை யார் கண்டார்கள்!

திருமாலுக்கு அரவையில் வேலை. கல்லை மாவாக அரைத்து மூட்டை பிடிக்க வேண்டும். முகத்தில் துண்டு கட்டினால் வேர்த்து நனைந்து மூச்சு முட்டுகிறது என்று அதையும் கழற்றி எறிந்துவிடுவான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து கைகால் கழுவியதும் ஆளுக்கொரு அச்சு வெல்லம் தருவார்கள். தொண்டையில் ஒட்டிய தூசை வெல்லம் வயிற்றுக்கு இறக்கிவிடும், மறுநாள் அது வெளியே போய்விடும் என்று முதலாளியும் நம்பினார், ஆட்களும் நம்பினார்கள். நெஞ்சுக்குப் போன தூசுக்கு வயிற்றில் என்ன வேலை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இருமல் வந்தபோது பூங்கோதைக்கும் அதே நம்பிக்கைதான். சளி கட்டியிருக்கிறது, இளக்கிவிட்டால் சரியாகும். ஆடாதொடை இலையோடு மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, தேன் விட்டுக் கொடுத்தாள். கேட்டது. சத்தியமாகக் கேட்டது. திருமால் அசந்து தூங்கி எழுந்து, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். கேட்காமலே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிறகு அதுவே பழக்கமாயிற்று. இருமல் கூடினால் கஷாயத்தில் இலை கூடும், ரசத்தில் தூதுவளை கூடும். "ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமாங்க?" என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு? உன் கஷாயத்துலயே நல்லாதான இருக்குது. வேலை கெட்டுப்போவும்" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. 

அரவையில் திருமால் மூட்டையோடு சரிந்து விழுந்த பிறகுதான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கல்தூள் போய் நுரையீரல் முழுக்கத் தழும்பாகிவிட்டது, இனி அது இளகாது என்றார். "கொஞ்சம் முன்னாடியே அந்த வேலைய நிறுத்தியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதும்மா."

"கஷாயம் குடுக்கலாமா டாக்டர்?"

"குடுங்க. தொண்டைக்கு இதமா இருக்கும்."

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

திருமால் இப்போது கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தே கிடக்கிறான். படுத்தால் மூச்சு வாங்குகிறது. அரவையில் அவன் இடத்துக்கு ரசூலை எடுத்துக்கொண்டார்கள். துபாயிலிருந்து திரும்பி வேலையில்லாமல் இருந்தவன். போன வாரம் ரசூல் பெண்டாட்டி கமருன்னிசா வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, அவருக்கு ஒரே இருமலு. கொஞ்சம் ஆடாதொட குடுங்களேன்."

"இலை வாணாம் கமரு. அவர மொதல்ல வேலைய வுட்டு நிக்கச் சொல்லு. நெஞ்ச படம் புடிச்சிப் பாருங்க."

கமருன்னிசாவின் முகம் சுண்டிப்போயிற்று. "வேலைய வுட்டுட்டு எங்கக்கா போறது? குடுக்க மனசில்லன்னா சொல்லிடுங்க." விறுவிறுவென்று போய்விட்டாள்.  

உள்ளே திருமால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "குடுத்திருக்கலாம்ல புள்ள" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "உன் கஷாயம் மட்டும் இல்லன்னா... நான்லாம் எப்பவோ... வேலைய வுட்டுட்டு... வூட்டுல ஒக்காந்திருப்பேன்."

மனசாரத்தான் சொன்னான். நன்றி சொல்கிற முகம்தான் அது. அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு, அவன் நெஞ்சைத் தடவிக் கொடுத்தபடி, அவள் உயிரோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.