கியரக்காவின் வலது கால்

எங்கள் பேருந்தில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. மணிக் கயிறு அறுந்துபோய்ப் பல காலம் ஆகிறது. புதுக் கயிறு வரும் என்று பணிமனையில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் விரல் மூட்டால் தகரத்தில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். இத்தனை வருட நடத்துநர் வேலையில் என் தட்டுக்குக் கட்டுப்பட்ட ஒரே ஆள் ஓட்டுநர் கியரக்காதான். வீட்டில் நான் மேசை உடையும்படி தட்டினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கியரக்கா என்பது பணிமனை வைத்த பெயர். அவர் முதலில் அங்கே பேருந்து கழுவத்தான் வந்தார். கழுவிய வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்த ஓட்டுநர்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. இதோ வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். கெஞ்சிச் சலித்துப்போய்த் தானே எடுத்து நிறுத்தப் பழகினார். பிறகு தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, கெஞ்சவைத்தவர்களின் வண்டியிலேயே வந்து உட்கார்ந்தார். அவர் கியர் மாற்றுவது வண்டிக்கே தெரியாது. பிரேக் போட்டால், நின்றுகொண்டு வருபவர் கையிலிருக்கும் டீ தளும்பாது. ஹாரன் அடிக்கமாட்டார். ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பார், குறுக்கே வந்தவன் தானாக ஒதுங்கிவிடுவான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “எனக்கு காலை ஷிஃப்ட், ஒத்துவரல” என்பார். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்.

போன வருடம் திடீரென்று ஓட்டுநர் இருக்கையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். ஸ்பிரிங் சரியில்லை, ஆளைக் குலுக்கி எடுக்கிறது என்று மெக்கானிக்கோடு மல்லுக்கு நின்று புது இருக்கை மாட்டவைத்தார். விஷயம் என்னவென்றால், மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து அவருக்கு மறுபடி லேசாக இரத்தம் பட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். கியரக்கா மெக்கானிக்கிடம் போனார். புது இருக்கை வந்தும் இரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் கூட இருக்கும் தன் அக்காவிடம் வாயைத் திறந்தார்.

அந்தப் பெரியக்காவுக்கு இது புதிதல்ல. அவரும் முன்பு இதே நோய் வந்து, ஆபரேஷன் செய்து பிழைத்தவர். ஆனால் அதோடு வலது கால் வீங்கிப்போனது. செருப்பு நுழையாது, படி ஏற முடியாது. வீட்டில் அந்தக் காலுக்கென்று தனி முக்காலி உண்டு. தங்கை சொன்னதைக் கேட்டதும், காதைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதாகத்தான் தோன்றுகிறது என்றார்கள்.

ஆபரேஷன் செய்யும் டாக்டரைப் பார்க்க நானும் போனேன். பெரியக்காவைப் படியேற்ற ஒரு ஆள் வேண்டுமே. டாக்டர் சின்ன உருவம், பெரிய மூக்குக் கண்ணாடி, பேச்சில் துளி அவசரம் கிடையாது. கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார். கியரக்கா அதற்கெல்லாம் அசரவில்லை.

“எடுங்க. அது சும்மாதான் இருக்கு. என் கால் என்ன ஆகும், அதைச் சொல்லுங்க” என்றார், அக்காவின் காலைக் காட்டி.

“எனக்குப் பண்ணப்ப இடுப்புக்குள்ள கண்ணுல பட்ட நிணநீர் முடிச்சை எல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க” என்றார் பெரியக்கா. “உயிரோட இருக்கேன், குறை சொல்லல. நீர் வடிய வழியில்லாம கால் மட்டும் வீங்கித் தனிக் குடித்தனம் பண்ணுது.”

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு தாளில் படம் வரைந்தார். “நோய் கருப்பையை விட்டு வெளிய போகணும்னா, பெரும்பாலும் நிணநீர் ஓடுற பாதையிலதான் போகும். அந்தப் பாதையில முதல்ல வர்ற முடிச்சுதான் காவல்காரன் மாதிரி. அவன்கிட்ட மாட்டாம அடுத்ததுக்குப் போறது ரொம்ப அபூர்வம். அதனால கருப்பை வாயில ரெண்டு பக்கமும் ஒரு பச்சை மருந்தை ஊசியில போடுவோம். அது நிணநீரோட ஓடும், தனிக் கேமராவுல பார்த்தா பளிச்சுனு தெரியும். ரெண்டு பக்கமும் அந்த முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிப்போம். மத்ததைத் தொடமாட்டோம். கால் வீங்குறது ரொம்பக் குறைவு.”

“முதல் ஸ்டாப்புல ஆள் ஏறலைன்னா வண்டி காலின்னு வச்சுக்கலாம்கிறீங்க” என்றார் கியரக்கா.

“கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா சில பேருக்கு ஒரு பக்கம் மருந்து ஓடாது. இன்னொரு தடவை ஊசி போடுவோம். அப்பவும் தெரியலைன்னா அந்தப் பக்கம் மட்டும் முடிச்சுகளை மொத்தமா எடுக்கணும். பார்க்காம விடக் கூடாது.”

கியரக்கா கொஞ்சம் யோசித்தார். “எந்தப் பக்கம்னு நான் சொல்லலாமா?”

“சொல்ல முடியாதும்மா.”

“இடதுன்னா கிளட்ச், எப்படியாவது சமாளிச்சுக்குவேன். வலது பிரேக்கு. வலது போச்சுன்னா நான் போச்சு” என்றார். அதற்குமேல் அன்று அவர் ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

ஆபரேஷன் அன்று பணிமனையே விடுப்பு கேட்டது, எனக்கு மட்டும் கிடைத்தது. வெளியே பெஞ்சில் பெரியக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்காமல் பெஞ்சுக் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

“தட்டாத. உள்ள அவ வண்டிய எடுத்துறப் போறா” என்றார் பெரியக்கா. சொல்லிவிட்டு அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

டாக்டர் வெளியே வந்து முகக் கவசத்தை இறக்கினார். “இடது பக்கம் உடனே தெரிஞ்சுது. வலதுதான் படுத்திருச்சு” என்றார்.

டாக்டர் அதே நிதானத்தோடு நடந்ததைச் சொன்னார். முதல் ஊசிக்கு வலது பக்கம் இருட்டாகவே இருந்திருக்கிறது. இரண்டாவது ஊசி போட்டதும் ஒரு இடம் பச்சையாகத் துலங்கியிருக்கிறது. எடுத்து, அங்கேயே பக்கத்து மேசையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே முடிச்சே இல்லை, வெறும் கொழுப்பு. நிணநீர்க் குழாய் ஒன்று கொழுப்புக்குள் தடித்து ஏமாற்றியிருக்கிறது.

“பிரிச்சுப் பார்க்காம விட்டிருந்தா முடிச்சை எடுத்துட்டோம்னே நினைச்சிருப்போம். மறுபடி கருப்பைப் பக்கத்துல இருந்து பாதையைப் புடிச்சுக்கிட்டே போனோம். இரத்தக் குழாய்க்குக் கீழ, ஆழத்துல ஒளிஞ்சிருந்துச்சு. அதை மட்டும்தான் எடுத்தோம்.”

“அப்ப வலது கால்?” என்றேன்.

“முழுசா எடுக்க வேண்டி வரல.”

பெரியக்கா தன் வீங்கிய காலை ஒருமுறை தடவிக்கொடுத்தார். “எனக்கு வாய்க்கலைன்னா என்ன, அவளுக்கு வாய்ச்சுதே” என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் பதறிக்கொண்டு வந்தார். “டாக்டர், அந்தம்மாவுக்கு வலது கால்ல ஏதோ இழுப்பு மாதிரி வருது. இன்னும் கண்ணே திறக்கல. கட்டில் கம்பியில என் பேனா பட்டுச்சு, காலை ஒரே அழுத்தா அழுத்துறாங்க. மறுபடி பட்டுச்சு, மறுபடி அழுத்துறாங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இழுப்பு இல்ல சிஸ்டர், பிரேக் போடுறாங்க. ஒரு தட்டுன்னா நிறுத்தணும்.”

“ரெண்டு தட்டினா?” என்று டாக்டர் கேட்டார்.

“போலாம்னு அர்த்தம்.”

டாக்டர் தலையாட்டிக்கொண்டே உள்ளே போனார்.

ஆனாலும் கதை முடியவில்லை. எடுத்த முடிச்சுகளை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சோதித்து முடிவு சொல்ல நாளாகும் என்றார்கள். நோய் அங்கே வரை போயிருந்தால் கதிர் சிகிச்சை, மருந்து என்று நீளும். கால் வீங்குகிற பயமும் திரும்ப வரும், ஓட்டுநர் இருக்கை கனவாகிவிடும். அதுவரை எங்கள் வண்டியை வேறொருவர் ஓட்டினார். நான் ஒரு தட்டு தட்டினால் அடுத்த தெருவில் போய் நிற்பார். பயணிகள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

முடிவு தெரியும் நாளில் மூன்று பேரும் மறுபடி அதே அறையில். டாக்டர் அறிக்கையைப் புரட்டி, செல், அளவு, நிலை என்று வாசிக்கத் தொடங்கினார். கியரக்கா கையை உயர்த்தித் தடுத்தார்.

“இதெல்லாம் தம்பிக்குச் சொல்லுங்க டாக்டர். நான் வண்டி எடுக்கலாமா, கூடாதா?”

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். விரல் மூட்டால் மேசையில் ஒரு தட்டு தட்டினார்.

மேசைக்கடியில் கியரக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. முகம் அப்படியே நின்றுவிட்டது. பெரியக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். அந்த டாக்டர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் இரண்டாவது தட்டு.

“முடிச்சுகள்ல நோய் இல்லம்மா, ரெண்டு பக்கமும் சுத்தம். மேல சிகிச்சை எதுவும் வேண்டாம். காயம் நல்லா ஆறட்டும், எடுங்க. செக்கப்புக்கு மட்டும் ஒழுங்கா வரணும்.”

கியரக்கா காலை மெதுவாக எடுத்தார்.

“ரெண்டு தட்டுக்கு நடுவுல இவ்வளவு நேரம் விடக் கூடாது டாக்டர்” என்றார். “தம்பிகிட்ட கத்துக்குங்க. காட்டு தம்பி.”

கையை நீட்டி மேசையில் இரண்டு தட்டு தட்டினேன்.