ஆளுக்கு ஒரு முகவரி

வில்லியனூரில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்றுக்கு டேட்டாபேஸ் செய்துகொடுத்தேன். எல்லாரும் பாய் என்று கூப்பிடும் பெரியவருடைய கடை. வாடகைக் கடைதானே என்று இளக்காரமாகத்தான் போனேன். உட்கார்ந்த பிறகுதான் தலை சுற்றியது. ஒரு விசேஷம் என்றால் வாடிக்கையாளர், சாமியானா, அண்டா, வண்டி, டிரைவர், திரும்பி வராத கரண்டி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றை இழுத்தால் நான்கு கூடவே வந்தன.

இதற்கு எங்கள் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. எந்த விவரத்தையும் ஒரே இடத்தில் எழுதிவை, மற்ற இடங்களெல்லாம் அதைக் கைகாட்டட்டும். அதன்படி வாடிக்கையாளர்களுக்குத் தனி அட்டவணை போட்டேன். செல்போன் எண்தான் ஆளின் அடையாளம். எண்ணுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு முகவரி. எண்ணைத் தட்டினால் அந்த முகவரி டிரைவரின் செல்லுக்குத் தானாகப் போய்விடும். அவ்வளவு சுத்தமாக இருந்ததில் எனக்கு ஒரே பெருமை.

இத்தனைக்கும் என் அப்பாவுக்கே இரண்டு வீடு. மூலக்குளத்தில் முதல் வீடு, அவருடைய மூத்த மனைவி. அம்மா அவரை அக்கா என்றுதான் சொல்வாள். அரியூரில் நாங்கள்: அம்மா, நான், தங்கை. அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவன், ஆளுக்கு ஒரு முகவரி என்று எழுதினேன். மறந்துபோய் எழுதவில்லை. எல்லாரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

கடையின் பழைய எக்செல் கோப்பை உள்ளே ஏற்றியபோது, இரண்டு தடவை வரும் எண்களை புரோகிராம் தனியே பிரித்துக் காட்டியது. பெரும்பாலும் தட்டச்சுப் பிழைகள். நடுவில் அப்பாவின் எண் வந்தது. ஒரே பெயர், இரண்டு முகவரி. இரண்டாவது எங்கள் வீடு. பாய் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

“அத்த அப்டியே ரெண்டா வுட்டுடு தம்பி. அவுருக்கு ரெண்டு வூடு” என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். கல்லாவில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஒரே எண்ணில் இரண்டு முகவரி இருந்தால் எல்லாம் குழம்பிவிடும், சிஸ்டம் ஏற்காது என்று என்னென்னவோ சொன்னேன். முகவரிகளுக்கென்று இன்னோர் அட்டவணை போட்டிருந்தால் தீர்ந்தது, பெரிய வேலையே இல்லை. போடவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி, மூலக்குளத்தை வைத்துக்கொண்டு, அம்மா குடியிருக்கும் வீட்டை என் கையால் அழித்தேன். அழித்ததும் அப்பாடா என்றிருந்தது. அதுதான் கேவலம்.

பிறகு தங்கைக்கு நிச்சயம் கூடியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா எதையும் மறைக்கவில்லை. அவர்களும் பெரிய மனதோடு, அப்பா முன்னால் நின்று வீட்டிலேயே முறையாகச் செய்தால் போதும் என்றார்கள். எங்காவது ஒரு குறை தெரிந்தால் அவர்கள் மனம் மாறிவிடுமோ என்று அம்மாவுக்கு ஒரே பயம். அப்பா பாய் கடைக்குப் போன் செய்து, பெண்ணுக்கு நிச்சயம், சாமானை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றிருக்கிறார். முன்பென்றால் எந்த வீடு என்று கல்லாப் பெண் கேட்டிருப்பாள். இப்போது எண்ணைத் தட்டினாள், மூலக்குளம் வந்துவிட்டது.

நிச்சயத்தன்று காலை சாமியானாவும் வரவில்லை, நாற்காலியும் வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அரியாங்குப்பத்திலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. வண்டி எங்கே போயிருக்கும் என்று அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஒருவழியாகக் கடையின் குட்டியானை வண்டி வந்து நின்றது. நாற்காலிகளை இறக்கிக்கொண்டே டிரைவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். மூலக்குளத்தில் பாதிச் சாமானை இறக்கிவிட்டாராம். அந்த வீட்டம்மா வெளியே வந்து, இங்கே விசேஷம் எதுவும் இல்லையே என்றாராம். பெண்ணுக்கு நிச்சயம் என்று இவர் சொன்னதும், அக்கம்பக்கத்தார் பார்க்கப் பார்க்க, அந்தம்மா தானே ஒரு நாற்காலியைத் தூக்கி வண்டியில் வைத்தாராம்.

“‘அது எங்க வூட்டுக்காரரோட அரியூர் வூடுப்பா. அந்தப் பொண்ணுக்கு நேரமாயிடப் போவுது, சீக்கிரம் போ’ன்னு அவங்களே வழி சொல்லி அனுப்புனாங்க” என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட வேண்டியவர் அவர்தான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் சொல்லக் கூசிய வீட்டை, சொல்லவே தேவையில்லாத அந்தம்மா தன் தெருவில் நின்று சொல்லியிருக்கிறார்.

அம்மா என் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“அக்காவுக்கு நம்ம வூடு தெரியுமாடா?” என்று கேட்டாள்.

தெரியும் போலிருக்கும்மா என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.