நான்காவது பாத்திக்கு விரித்த பாய்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வெண்டையைவிடக் கோரைதான் நன்றாக விளைந்தது. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த அப்பா அதை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டார். பிடுங்கிப் பயனில்லை, அடியில் கிழங்கு இருக்கிறது, மண்ணை மூடித்தான் கோரையை அடக்க வேண்டும் என்பது டிவியில் விவசாய நிகழ்ச்சி பார்த்து அவர் கண்டுகொண்ட சட்டம்.

முதல் பாத்தியில் வைக்கோல் போட்டார். சரியாக அடிக்காத வைக்கோல் போலிருக்கிறது, பத்து நாளில் கத்தரிக்கு நடுவே நெல் முளைத்தது. இரண்டாவதில் போட்ட வேப்பஞ்சருகை ஆடிக் காற்று அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் கொட்டியது. அந்த அண்ணாச்சி வந்து கத்திவிட்டுப் போனார். மூன்றாவதில் தட்டைப்பயறு விதைத்தார். அது தரையை அழகாக மூடியது. கையோடு தக்காளிச் செடிகளையும் மூடியது. நான்காவது பாத்திக்கு என்ன போடுவது என்று ஐப்பசி வரை யோசித்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள வெளிச்சம் போவக்கூடாது, பாத்துக்க. வெளிச்சம் இல்லன்னா எந்தக் களையும் செத்துரும்" என்றார் என்னிடம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் அவர் பேச்சைக் கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் நான்தான்.

அந்த வாரம் அம்மா களக்காட்டில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வீட்டிலிருந்த துணிமணி ஒவ்வொன்றையும் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அப்பாவின் வேட்டி தேறவே இல்லை. சாக்கிலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். கடைசியில் பீரோ மேலிருந்த பத்தமடைப் பாயை இறக்கினேன். அம்மாவின் கல்யாணத்துக்கு அவள் தம்பி, என் மாமா, முதல் சம்பளத்தில் சொல்லி நெய்யவைத்தது. அம்மா பெயரும் அப்பா பெயரும் அதில் சிவப்பாக இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அம்மா அதை விரித்துத் துடைத்து மறுபடி சுருட்டி வைப்பாள். யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. சன்னலுக்கு எதிரே பிடித்தேன். இம்மி வெளிச்சம் வரவில்லை.

நான்காவது பாத்தியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, அப்பாவை அசத்துவதற்காகத் தென்னை ஓலையால் மறைத்தும் வைத்தேன். நாலு நாள் நல்ல மழை.

அம்மா மாமாவோடு வந்து இறங்கியதும் எல்லாரையும் இழுத்துக்கொண்டுபோய் ஓலையை விலக்கினேன். கோரை ஊசி ஊசியாகப் பாயைத் துளைத்துக்கொண்டு நின்றது. அப்பா பெயரில் மட்டும் மூன்று முளை.

"அத்தான் பேருல மகசூல் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்றார் அப்பா.

"வெளிச்சம் போவக்கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னிய."

டம்ளர் உடைந்தாலே தெருமுனைவரை கேட்கிற மாதிரி ஏசுகிற அம்மா நேரே பாத்தியில் இறங்கினாள். உட்கார்ந்து கோரையை ஒவ்வொன்றாக உருவினாள்.

"விடுக்கா, புதுசு ஒண்ணு சொல்லிருதேன்" என்றார் மாமா.

"ஒண்ணும் வேண்டாம்லே" என்று பாயைக் கழுவிக் கொடியில் போட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அந்தப் பாயைக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே விரித்தாள். "ஏங்க, அங்கன என்ன நிக்கிய? வந்து படுங்க" என்றாள். அப்பா கோர்ட்டில் உட்காருகிற மாதிரி முதலில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு பைய நடுவுக்கு நகர்ந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு, இரண்டு பேரும் அந்தப் பாயில் படுத்து, ஓட்டைகளை விரலால் தடவி, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பாய் ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது, அதனால்தான் தரையில் போட்டுவிட்டார்கள் என்று நான் அடுப்பங்கரையில் நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.