தூரத்திலிருந்து பேசியவர்

வடசென்னை எர்ணாவூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் லேத் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண். புடவைமேல் தொளதொளவென்று ஆண்கள் சட்டை போட்டிருப்பார். சுவரைப் பார்த்தே உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒருநாள் வெளிநாட்டு முதலாளி பேசிய சிடியை கேண்டீன் டிவியில் போட்டோம். ஆங்கிலம் புரியாமலே கைதட்டிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். அவர் மட்டும் என்னிடம் வந்தார்.

"இன்னா சார் சொன்னாரு?"

"ஆம்பளைங்க நடுவுல வேலை செய்ற பொம்பளைங்க தனியா இருக்கிற மாதிரி நினைக்கக் கூடாதாம். மத்தவங்க கூடச் சேத்துக்கணுமாம்."

அவர் டிவி பக்கம் திரும்பினார்.

"நான் தனியா கீறது அம்மாந்தூரத்துல கீறவருக்கு எப்டி சார் தெரிஞ்சிது?"

நான் சிடியை வெளியே எடுக்கப் போனேன்.

"இன்னொரு தபா போடுங்க சார்."

போட்டேன். காலியான கேண்டீனில், புரியாத பேச்சுக்குத் தலையாட்டியபடி கடைசிவரை நின்றார். அங்கே வேறு யார் பேச்சுக்கும் அவர் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததில்லை.